அகவை கடந்த அடவுகள்

ஆடற்கலை இளமைக்கே உரியது என்னும் எண்ணம் தமிழர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்ட ஒன்றாகும். ஐந்து அகவையில் சலங்கை கட்டாதவள் ஐம்பதில் கட்டினால் ஊர் நகைக்கும். இவ்வெண்ணத்திற்கு இலக்கியத்திலும் சான்று உண்டு. சிலப்பதிகாரத்து மாதவி இளமையிலேயே பயிற்சியில் புகுந்து, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் அவையில் அரங்கேறினாள் என அரங்கேற்று காதை மொழிகின்றது. அவளை உருவாக்க ஆடலாசான் ஒருவன், இசையாசான் ஒருவன், தண்ணுமை முழக்குவோன் ஒருவன், குழலுக்கும் யாழுக்கும் தனித்தனி ஆசான்கள் என ஒரு பெருங்குழுவே உழைத்தது. முடிவில் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெண் கழஞ்சுப் பொன்னும் அவளை வந்தடைந்தன. அக்காதையைப் பயின்ற தமிழ் மாணவர் எவருக்கும் 'அரங்கேற்றம்' என்றவுடன் மனக்கண்ணில் தோன்றுவது பட்டுடுத்த ஒரு சிறுமியின் உருவமே.

ஆயின், அதே காப்பியத்துள் மற்றுமோர் ஆட்டம் இருக்கின்றது. மதுரைக்கு அயலே, ஆயர்பாடியில், குடத்துப் பால் உறையாமையும் ஆக்களின் கண்ணீரும் கண்டு உள்ளம் நடுங்கிய மாதரி, குரவை ஆடுமாறு தன் குலமகளிரைக் கூட்டுகின்றாள். எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களையே அவர்களுக்குச் சூட்டுகின்றாள். அங்கே மன்னன் அவை இல்லை. பட்டம் இல்லை, பொன்னும் இல்லை. ஆநிரைகளின் துயர் தீர வேண்டும் என்பதற்காகவே அப்பெண்கள் கை கோத்து ஆடுகின்றனர். மாதவியின் ஆட்டம் காண்போருக்காக ஆடப்பெற்றது. குரவையோ ஆடுவோருக்காக ஆடப்பெற்றது. இளங்கோவடிகள் இரண்டையும் ஒரே நூலுள் வைத்தார். பின்வந்தோர் முன்னதைப் போற்றிப் பின்னதை மறந்தனர்.

மறந்துபோன அவ்விரண்டாம் ஆட்டத்தின் சாயலைக் காண விழைவோர், வாரத்தில் ஒரு மாலைப்பொழுது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்குச் செல்லலாம்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் செங்கற் சூளையிலிருந்து பிறந்தது. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் மரவீடுகளை அழித்தபின், நகரம் செங்கல்லால் எழுப்பப்பட்டது. அதற்கான கல் இங்கே சுடப்பட்டது. பின்னர் இரயில்வேத் தொழிலாளரும் எழுத்தரும் இங்கே குடியேறினர். தமிழகத்துத் தமிழரும் யாழ்ப்பாணத்துத் தமிழரும் மலையாளிகளும் அடுத்தடுத்த வரிசைகளில் வாழ்ந்தனர். 1904ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கின்றது. 2010ஆம் ஆண்டில் வளைவுகளும் வண்ணத் தூண்களும் எழுந்து அவ்விடம் 'லிட்டில் இந்தியா' ஆயிற்று. பூக்கடையும் பலகாரக்கடையும் கடந்து ஜாலான் பெர்ஹாலாவுக்குள் திரும்பினால், தட்டுக்கழியின் ஓசை செவியில் விழும். அங்கேதான் 'டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ்' என்னும் கலைக்கோயில் அமைந்துள்ளது.

சுவாமி சாந்தானந்த சரஸ்வதி அவர்களின் அருள்நெறியில் 1981ஆம் ஆண்டில் தோன்றிய நிறுவனம் அஃது. 1950களில் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்து, ஆடலைத் தம் வாழ்வாகக் கொண்ட கோபால் ஷெட்டி, சிவதாஸ் ஆகியோரும், அவர்தம் துணைவியரான இராதா ஷெட்டி, வத்சலா சிவதாஸ் ஆகியோரும் அந்நிறுவனத்தின் ஆடற்பணிக்குத் தூண்களாயினர். அதனைச் சார்ந்த 'அன்னலெட்சுமி' உணவகத்தில், உண்டவர் தம் மனம் விரும்பிய தொகையைக் கொடுத்துச் செல்லலாம். கலைக்கும் சோற்றுக்கும் விலைப்பட்டியல் ஒட்டாத அந்நெறி, வணிகம் மிகுந்த நகரில் வியப்பிற்குரியதே.

இத்தகைய ஆடற்பள்ளிகள் எவற்றிற்குச் சென்றாலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். உள்ளே பிள்ளைகள் ஆடுவர். வெளியே தாய்மார் காத்திருப்பர். தண்ணீர்ப் புட்டியும் மாற்றுடையும் மடியில் இருக்கும். ஒருத்தி பள்ளிப் பாடநூலைப் புரட்டுவாள். ஒருத்தி வாயில்படியருகே தலைசாய்த்து உறங்குவாள். எட்டாண்டு, பத்தாண்டு இவ்வாறே கழியும். பிள்ளை அரங்கேறும் நாளில் அத்தாய் மேடையின் பக்கவாட்டில் நின்று ஊசியும் நூலும் கையுமாக ஓடியாடுவாள். விழா முடிந்ததும் அவளுடைய பணி முடிந்துவிடும். ஆட்டத்தை அவ்வளவு காலம் கேட்டவள், ஆட்டத்துக்குள் என்றுமே நுழைந்ததில்லை.

கிள்ளானைச் சேர்ந்த ஒரு தாய் அவ்வாறு காத்திருந்தவரே. அலுவலகமொன்றில் எழுத்தர் பணி. சனிக்கிழமைதோறும் மகளை அழைத்துக்கொண்டு, கிள்ளான் நிலையத்தில் கொம்யூட்டர் இரயிலேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் தெருக்கள் வழியே நடந்து வகுப்புக்கு வருவார். ஒன்பது ஆண்டுகள் வந்தார். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கியதும் மகள் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டாள். கட்டணப் பாக்கியைத் தீர்க்க வந்த தாயிடம், அகவையில் இளையவரான நடன ஆசிரியை, "அக்கா, நீங்க வாங்களேன். ஒன்பது வருசமா வெளியில உட்கார்ந்து கால் தட்டிக்கிட்டிருந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார். அப்போது அந்தத் தாய்க்கு நாற்பத்தாறு அகவை.

அவர் உடனே இசைந்துவிடவில்லை. இரண்டு மாதங்கள் தயங்கினார். தயக்கத்திற்குக் காரணம் உடல் மட்டுமன்று. வீட்டில் மாமியார் இருந்தார்; காப்பார் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி வாழ்ந்தவர். செய்தி எட்டியதும், "ஏம்மா, பேரப்புள்ள எடுக்கப்போற வயசுல ஒனக்கு ஆட்டம் என்னா வேண்டிக் கெடக்கு? பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏச்சைவிட அம்மௌனமே அவருக்குப் பாரமாக இருந்தது. ஆயினும் ஒரு புதன்கிழமை மாலை, அலுவலகம் முடிந்து, துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, பெரியோருக்கான வகுப்பில் கடைசி வரிசையில் போய் நின்றார்.

சிறார் கற்பதற்கும் முதிர்ந்தோர் கற்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஆசிரியப் பணியில் இருப்போர் நன்கு அறிவர். சிறுமிக்குப் பாடம் காலிலிருந்து தலைக்கு ஏறும்; கேள்வி கேளாமல் ஆடிவிடுவாள், பொருள் பின்னர் விளங்கும். முதிர்ந்தவளுக்கோ பாடம் தலையிலிருந்து காலுக்கு இறங்க வேண்டும். ஏன் இவ்வாறு நிற்க வேண்டும், ஏன் இக்கை இங்கே முடிகின்றது என்று அறிவு முந்திக்கொண்டு வினவும், கால் பிந்திவிடும். முதற் காலத்தில் பிழையின்றி ஆடியவர் இரண்டாம் காலத்தில் தடுமாறுவதும், மூன்றாம் காலத்தில் நின்றேவிடுவதும் இதனாலேயே. கிள்ளான் தாய்க்குத் 'தெய்யா தெய்' என்னும் சொற்கட்டு மனப்பாடம். மகளின் பிழையைக்கூடச் செவியாலேயே கண்டுபிடித்தவர். ஆனால் தட்டடவின் முதல் அடிக்கே அவருடைய கால் செவிக்குப் பணிய மறுத்தது. அறிந்த ஒன்றைச் செய்ய இயலாமை, அறியாமையைக் காட்டிலும் கொடிது.

அரைமண்டியோ அதனினும் கடியது. பார்ப்பதற்கு முழங்காலை மடக்கி அமர்வது போலத் தோன்றினும், அதன் உயிர்நிலை இடுப்பு மூட்டில் இருக்கின்றது. தொடை இடுப்பிலிருந்தே வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். முழங்கால் பாதவிரலுக்கு நேராக நிற்க வேண்டும். இடுப்பு திரும்பாதபோது பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், அம்முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் விழும். ஐந்து அகவையில் இளகி நிற்கும் இடுப்பு, நாற்காலியிலேயே இருபதாண்டு கழித்த எழுத்தருக்கு இறுகிப்போயிருக்கும். நல்லாசிரியர் இதனை உணர்வார். "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று சிறுமியரிடம் கூறுவது போல் முதிர்ந்தோரிடம் கூறார். முடிந்த அளவு அமரச் செய்து, முதுகை நேராக்கி, தட்டும் ஓசை தெளிவாக எழுகின்றதா என்று மட்டும் நோக்குவார். அவ்வகுப்பின் ஆசிரியை அவ்வாறே செய்தார். அரைமண்டி அவருக்குக் கால்மண்டியாகவே நின்றது. இன்றும் அவ்வாறே நிற்கின்றது.

மலேசியத் தமிழர் இவ்வுடற்பயிற்சியின் பயனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, இந்நாட்டுப் பெரியோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு எனக் காட்டியது. இனவாரியாக நோக்குங்கால் இந்தியரிடையே அந்நோய் மிகுதி. எனினும் மருந்துக்காக ஆடுவோர் மூன்று மாதத்தில் நின்றுவிடுவர். நிலைத்து வருவோரை இழுத்து வருவது வேறொன்று.

அவ்வேறொன்று யாது? அதனை அறிய, சிறிது தொலைவு சென்று திரும்பலாம். இங்கிலாந்தின் சிற்றூர்களில் ஊர்ப் பொதுமண்டபம் ஒன்று இருக்கும். கூட்டமும் விருந்தும் நடைபெறும் அம்மண்டபத்தில், மாலைநேரங்களில் பெண்கள் கூடிப் பலவகைக் கலைகளைப் பயில்வர். அவ்வாறு பயிலப்பெறுவனவற்றுள் எகிப்து நாட்டின் 'பெல்லி நடனம்' ஒன்று. பனியும் மழையும் சூழ்ந்த ஊரில், பேரப்பிள்ளை கண்ட பெண்களும், நடுத்தர அகவையினரும், இடையில் காசுமணி கோத்த துணியைக் கட்டிக்கொண்டு, நைல் நதிக்கரையின் தாளத்திற்கு இடுப்பை அசைக்கின்றனர். அவர்களுள் மேடையேற எண்ணுவோர் மிகச் சிலரே. கண்ணாடியில் தம் உடலைக் குறைகூறியே வாழ்நாளைக் கழித்தவர்கள், அவ்வுடலைத் தோழியாக ஏற்கும் ஒரு மணி நேரத்திற்காகவே வருகின்றனர்.

அந்நடனத்தின் பெயரே ஒரு வரலாற்றைக் கூறும். அரபு மொழியில் அதற்கு 'ரக்ஸ் ஷர்கி' என்று பெயர். கீழைநாட்டு ஆடல் என்பது பொருள். வீட்டு விழாக்களிலும் திருமணங்களிலும் பெண்கள் தமக்குள் ஆடி மகிழும் வழக்கும் அங்கே உண்டு. வயிற்றின் பெயரை அதன்மேல் ஏற்றியவர்கள் மேலைநாட்டார். பிரெஞ்சுக்காரர் முதலில் அவ்வாறு அழைத்தனர். 1893ஆம் ஆண்டில் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சி அப்பெயரை அமெரிக்காவில் பரப்பியது. ஒரு கலைக்கு உடலுறுப்பின் பெயரைச் சூட்டிவிட்டால், பின்னர் அதனை மதிப்போடு நோக்கக் கண்கள் மறுக்கும்.

தமிழர்க்கு இது புதுமையன்று. இன்று தெய்விகக் கலையென்று போற்றப்பெறும் பரதநாட்டியம், நூறாண்டுக்கு முன்னர் சதிர் என்னும் பெயரோடு இகழ்ச்சிக்கு ஆளாகி நின்றது. அதனை ஆடிக் காத்த தேவதாசி மரபினரைச் சமூகம் ஒதுக்கியது. வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் போன்றோர் அக்கலைக்காக வாதாடினர். 1930களின் தொடக்கத்தில் சென்னை மியூசிக் அகாதெமி தன் மேடையில் அதற்கு இடமளித்து, 'பரதநாட்டியம்' என்னும் பெயரையும் ஏற்றது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை மாநிலத்தில் ஒழிந்தது. கலை பிழைத்தது; ஆனால் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களிற் பல மேடையை இழந்தன. அவ்விழப்பையும் சேர்த்தே இவ்வரலாற்றை மாணவர்க்குக் கற்பித்தல் நேர்மையாகும்.

இவ்விடத்தில், அகவையைப் பற்றிய வாதத்திற்கு ஒரு பெருஞ்சான்று கிடைக்கின்றது. 1904ஆம் ஆண்டில் பிறந்த ருக்மிணி தேவி, முப்பதை ஒட்டிய அகவையிலேதான் இக்கலையைப் பயிலப் புகுந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935ஆம் ஆண்டின் இறுதியில், அடையாற்றில் பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஆடினார். மாதவி அரங்கேறிய அகவையோடு ஒப்பிட்டால் அஃது ஏறத்தாழ இருபதாண்டு காலத் தாழ்ச்சி! அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரம் தோன்றியது. காலம் கடந்துவிட்டது என்று அவரும் வெளியில் அமர்ந்திருந்தால், அக்கலையின் பிற்கால வரலாறு வேறாகியிருக்கும்.

பிறப்பும் இனமும்கூட இக்கலைக்குத் தடையல்ல என்பதற்கு மலேசியாவே சான்று. காஜாங்கில் 1953ஆம் ஆண்டில் பிறந்த ரம்லி இப்ராகிம், பொறியியல் பயின்ற மலாய்க்காரர். அடையாறு க. லட்சுமணனிடம் பரதநாட்டியமும், குரு தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்று, 1983ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் 'சூத்ரா' ஆடலரங்கை நிறுவினார். 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஒரு மலாய் இளைஞர்க்குத் திறந்த கதவு, தமிழ்த் தாய்க்கு மட்டும் அடைத்தே இருக்க வேண்டுமா?

கிள்ளான் வீட்டிலும் கதவொன்று மெல்லத் திறந்தது. அடுக்களையே அத்தாயின் பயிற்சிக் கூடம். சோறு கொதிக்கும் நேரத்தில் நாட்டடவு. மீன் பொரியும் நேரத்தில் கைமுத்திரை. மாமியார் கூடத்தில் அமர்ந்தபடி முகத்தைச் சுளிப்பார். ஒருநாள் மூன்றாம் காலத்தில் தாளம் தப்பிற்று. மீண்டும் தொடங்க, மீண்டும் தப்பிற்று. கூடத்திலிருந்து கைத்தட்டல் எழுந்தது. மூதாட்டி நாற்காலியில் இருந்தவாறே, சுருங்கிய கைகளால் ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருந்தார். "கையத் தட்டிக்கிட்டே ஆடு, தப்பாது. தோட்டத்துல நாங்க கும்மி அடிக்கிறப்ப எங்களுக்குக் கைதான் தாளம். விடிய விடிய அடிப்போம்," என்றார். சற்றுப் பொறுத்து, "அப்ப யாரு எங்க வயசக் கேட்டா?" என்றும் சொன்னார்.

அம்மூதாட்டி கேட்ட வினாவுள் ஒரு சமூகத்தின் வரலாறே அடங்கியிருக்கின்றது. இரப்பர்த் தோட்டங்களில் நட்டுவனாரும் இல்லை. நாட்டியப் பள்ளியும் இல்லை. ஆனால் மாரியம்மன் திருவிழாவில் கும்மியும் கோலாட்டமும் இருந்தன. விளக்கைச் சுற்றி வட்டமிட்ட பெண்களுள் குமரியும் இருந்தாள், கிழவியும் இருந்தாள். அதிகாலையில் பெரட்டுக்கு நின்று, பகலெல்லாம் பால்வாளி சுமந்த கால்களே இரவில் ஆடின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தபோது, தட்டுமுட்டுப் பொருள்கள் வண்டியேறின; அவ்வட்டம் ஏறவில்லை. நகரத்தில் ஆட்டம் வகுப்பாயிற்று, வகுப்பு அரங்கேற்றமாயிற்று, அரங்கேற்றம் மண்டபமும் பக்கவாத்தியமும் விருந்துமாகப் பெருஞ்செலவாயிற்று. வசதியுள்ள வீட்டுச் சிறுமிக்கு அது கிட்டிற்று. வட்டத்தில் ஆடிய பெண்ணோ வாயிலில் காத்திருக்கும் தாயாகிவிட்டாள். ஆடுவோர் பலரும் காண்போர் சிலருமாய் இருந்த நிலை மாறி, ஆடுவோர் சிலரும் காண்போர் பலருமாய் ஆன கதை இதுவே.

1984ஆம் ஆண்டில் மறைந்த பெருங்கலைஞர் பாலசரசுவதி, பரதநாட்டிய நிகழ்ச்சியின் அமைப்பைக் கோயிலுக்கு ஒப்பிட்டு விளக்கியிருக்கின்றார். அலாரிப்பு கோபுர வாயில். ஜதிசுரமும் சப்தமும் அடுத்தடுத்த மண்டபங்கள். வர்ணம் கருவறையின் அணிமை. பதமோ கருவறையின் தனிமை என்பது அவர் கருத்து. அவ்வொப்புமை கொண்டு நோக்கினால், கிள்ளான் தாய் நான்காண்டு முயன்று கோபுர வாயிலைத்தான் கடந்திருக்கின்றார். அலாரிப்பு ஒன்றைப் பிழையின்றி ஆடுவார். வர்ணம் அவருக்கு வாய்க்குமா என்பது ஐயமே. முழங்கால் அதற்கு இடந்தராது. அரங்கேற்றம் அவர் எண்ணத்திலேயே இல்லை. ஆனால் வாயிலுக்கு வெளியே ஒன்பதாண்டு அமர்ந்திருந்தவர்க்கு, கோபுரத்தின் உட்புறம் நின்று அண்ணாந்து நோக்குவதே ஒரு வழிபாடன்றோ? கணவரும் இப்போது புதன்கிழமை மாலைகளில் தாமே சோறு வடித்துவிடுகின்றார். அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்வதில்லை.

கற்பிப்போர் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பள்ளிகளில் கலைவிழா வரும்போதெல்லாம், ஏற்கெனவே நாட்டியம் பயின்ற நான்கு மாணவியரே மேடையேற்றப்படுகின்றனர். ஏனையோர் கைதட்டப் பழக்கப்படுகின்றனர். அந்நால்வருக்கு மேடை தேவையே. எஞ்சிய முப்பதுபேருக்கு வட்டம் தேவை. கும்மிக்குச் செலவில்லை, கோலாட்டத்திற்கு இரண்டு கோல் போதும். பொங்கல் விழாவில் மாணவியரோடு அவர்தம் தாயரும் பாட்டியரும் ஒரு சுற்று ஆடுமாறு அழைக்கப்பெற்றால், ஏட்டில் உறையும் ஆய்ச்சியர் குரவை பள்ளித் திடலில் உயிர்பெறும். குரவையைப் பாடமாகக் கேட்ட மாணவன் தேர்வு முடிந்தவுடன் மறப்பான். தன் பாட்டி ஆடக் கண்ட மாணவன் மறவான்.

மாதவிக்கு வாய்த்த பொன்னும் பட்டமும் எல்லார்க்கும் வாயா. மாதரி கூட்டிய வட்டத்திற்கோ அளவில்லை. அதில் இன்னும் ஒருத்தி வந்து நிற்க எப்போதும் இடமுண்டு. அகவை எத்தனை என்று அவ்வட்டம் கேட்பதில்லை.